சீரம், வைட்டல், டீவா, சர்ஜ்: ஐந்து வருடம் கழித்தும் பாட்டு திறக்க வேண்டும்

நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு பாடகி, நாங்கள் ஐந்து வருடம் முன்னால் செய்த பாட்டை ஒரு கட்டை இறக்கித் திரும்பப் பாட வேண்டும் என்று கேட்டார். பழைய ப்ராஜெக்டைத் திறந்தேன். நோட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன, சத்தம்தான் வரவில்லை. ஏழு ட்ராக்குகளில் போட்டிருந்த சிந்த் பிளகின் (கணினிக்குள் சத்தத்தை உருவாக்கும் மென்பொருள் கருவி) லைசென்ஸ் கேட்டு நின்றது. அந்த லைசென்ஸைச் சரிபார்க்கும் சர்வரை நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. புதுப் பதிப்பை வாங்கலாம், ஆனால் பழைய பிரீசெட்கள் (சேமித்து வைத்த சத்த அமைப்புகள்) அதில் ஏறாது என்று பதில் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சத்தத்தையும் மறுபடி செய்தேன். பின்னணியில் நீண்டு ஒலித்த அந்த பேட் சத்தம் மட்டும் கடைசி வரை பழைய மாதிரி அமையவில்லை.

அதற்கப்புறம்தான் முக்கிய சிந்த்தை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். சீரம், வைட்டல், டீவா, சர்ஜ் எக்ஸ்டி நான்கையும் ஒரே பாட்டில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது என் வேலையில் பெரும்பகுதி சர்ஜ் எக்ஸ்டியில் நடக்கிறது. இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

சத்தத் தரத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நான்குமே நன்றாக இருக்கின்றன. தாளமும் குரலும் சேர்ந்த பிறகு எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, டீவாவைத் தவிர.

டீவா 2011இல் யூ-ஹீ நிறுவனம் வெளியிட்டது. பழைய அனலாக் சிந்த்களின் ஆசிலேட்டர் (ஒலியை உருவாக்குவது), ஃபில்டர் (அதை வடிகட்டுவது), என்வலப் (அது எழுந்து அடங்கும் விதத்தை அமைப்பது) பகுதிகளைத் தனித்தனியாக எடுத்து நமக்கு வேண்டிய மாதிரி கோத்துக்கொள்ளலாம். ரெசொனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் அளவை) ஏற்றும்போது அந்த ஃபில்டர் பாடுகிற விதம் மற்ற மூன்றிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கான விலையை ப்ராசஸர் கொடுக்கிறது. டிராஃப்ட், ஃபாஸ்ட், கிரேட், டிவைன் என்று நான்கு தரநிலைகள் அதில் இருப்பதே இதனால்தான். டிவைனில் வைத்து அகலமான கார்டுகளை வாசித்தால் கணினி மூச்சு வாங்கும். இசைக்கலைஞர்கள் டீவாவைப் புகழ்வதும் திட்டுவதும் இந்த ஒரே காரணத்துக்காகத்தான். ஒரு பேஸ் லைனுக்கும் ஒரு பிராஸ் சத்தத்துக்கும் இப்போதும் அதைத் திறக்கிறேன்.

சீரம் 2014இல் ஸ்டீவ் டூடாவின் எக்ஸ்ஃபர் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அது பிடிக்கும் என்பவர்கள் முதலில் சொல்வது திரையைத்தான். வேவ்டேபிள் (சத்தம் பிறக்கும் அலை வடிவங்களின் வரிசை) நகர்வது கண்ணுக்குத் தெரியும், எந்த எல்எஃப்ஓ (குமிழை மெதுவாக ஆட்டும் அலை) எந்தக் குமிழைப் பிடித்து இழுக்கிறது என்பதும் தெரியும். சிந்த் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இன்றும் சீரத்தைத்தான் சொல்வேன், ஏனென்றால் பாடங்களில் பாதி அதை வைத்தே நடத்தப்படுகின்றன. பிடிக்காது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: ஒரே பிரீசெட் தொகுப்புகள் எல்லோர் கையிலும் இருப்பதால் பாட்டுகள் ஒன்றின் சாயலில் ஒன்று வருகின்றன. அது கருவியின் குறை இல்லை என்றாலும் காதில் அப்படித்தான் விழுகிறது. பழையவர்களை எக்ஸ்ஃபர் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025இல் சீரம் 2 வந்தபோது முதல் பதிப்பை வாங்கியிருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். பழைய பிரீசெட்கள் புதியதில் திறக்கின்றன.

வைட்டல் மேட் டைட்டெல் என்பவரின் உழைப்பு, 2020 நவம்பரில் வெளியானது. இலவசப் பதிப்பிலும் எஞ்சின் முழுதாக இருக்கிறது, பிரீசெட்களும் வேவ்டேபிள்களும்தான் குறைவு. குமிழைத் தானாக அசைக்கும் மாடுலேஷனை இழுத்துக் குமிழ் மேல் விட்டால் போதும். பளிச்சென்ற லீடும் உலோகச் சாயல் கொண்ட பேடும் நொடியில் கிடைக்கும். கையில் காசில்லாமல் ஆரம்பிக்கிறவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் சர்ஜ் என்றால், அந்த ஐந்து வருடப் பாட்டுதான் காரணம்.

ப்ராஜெக்டைச் சேமிக்கும்போது சிந்த்தின் சத்தமும் சேர்ந்து சேமிக்கப்படுகிறது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எந்த பிளகின் என்ற அடையாளம், அதன் குமிழ்கள் எந்தெந்த நிலையில் நின்றன என்ற குறிப்பு, இவை மட்டுமே ஃபைலுக்குள் போகின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சத்தம் புதிதாகப் பிறக்கிறது. பிளகின் ஓடவில்லை என்றால் மிஞ்சுவது குறிப்பு மட்டும்தான்.

அது ஓடாமல் போகப் பல வழிகள் உண்டு. லைசென்ஸ் முறை மாறலாம். யூஎஸ்பி டாங்கிளை (கணினியில் செருகும் லைசென்ஸ் சாவியை) நம்பியிருந்த, ஸ்டைன்பெர்க் என்ற இசை மென்பொருள் நிறுவனத்தின் ஈலைசென்சர் சேவை 2025இல் முடித்துவைக்கப்பட்டது. கணினி மாறலாம். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை ஓட்டவே மறுத்தது, பழைய பிளகின்கள் கூட்டமாக உதிர்ந்தன. நிறுவனமே கைமாறலாம். கேமல் ஆடியோ என்ற பிளகின் நிறுவனத்தை 2015இல் ஆப்பிள் வாங்கியது. அவர்களுடைய ஆல்கெமி சிந்த், மேக்கில் மட்டும் ஓடும் ஆப்பிளின் லாஜிக் ப்ரோ இசை மென்பொருளுக்குள் போய்ச் சேர்ந்தது, விண்டோஸில் அதை வைத்துப் பாட்டு செய்தவர்கள் வெளியே நின்றார்கள். இந்த மூன்றிலும் நாம் செய்த தவறு எதுவும் இல்லை.

சர்ஜின் கதை நேர்மாறானது. அதுவும் கட்டணப் பிளகினாகத்தான் பிறந்தது, கிளேஸ் யோஹான்சனின் வெம்பர் ஆடியோவிலிருந்து. 2018இல் அவர் மூல நிரலை, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டார். தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்து 2022இல் சர்ஜ் எக்ஸ்டியாகக் கொண்டுவந்தார்கள். விற்பனை நின்ற பிறகும் கருவி முன்னைவிட நன்றாக வாழ்கிறது. லைசென்ஸ் சோதனை கிடையாது, சர்வர் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பேட்ச் (சர்ஜில் பிரீசெட்டுக்கு அதுதான் பெயர்) ஃபைலுக்குள் பதிப்பு எண் இருக்கிறது, பழைய பேட்சைத் திறக்கும்போது அது பழைய மாதிரியே ஒலிக்கும்படி அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. பாட்டு முடிந்ததும் சர்ஜின் இன்ஸ்டாலரையே ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போட்டு வைக்கிறேன். எந்தக் கட்டணச் சிந்த்தோடும் எனக்கு இந்த நிம்மதி வாய்த்ததில்லை.

வைட்டலின் நிரலும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, அதனால்தான் என் பட்டியலில் அதற்கு இரண்டாவது இடம். சர்ஜுக்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன, வைட்டல் பெரும்பாலும் ஒருவரை நம்பி நிற்கிறது. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஒவ்வொரு ட்ராக்கின் சத்தத்தையும் ஆடியோவாக எடுத்து வைத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எடுத்துத்தான் வைக்கிறேன், எல்லோரும் எடுத்து வைக்க வேண்டும். ஆனால் சுருதி மாறினால் அது பாதிதான் உதவும். நீண்ட பேடை ஒரு கட்டை இறக்கினால் குழைந்துவிடுகிறது, சத்தம் எழும் தொடக்கம் மழுங்குகிறது. கார்டு மாறினால் சுத்தமாகப் பயனில்லை.

சர்ஜின் குறைகளையும் சொல்கிறேன். திரை நெரிசலாக இருக்கிறது. இரண்டு சீன் (தனித்தனிச் சத்த அடுக்கு), சீனுக்கு மூன்று ஆசிலேட்டர், அதில் பன்னிரண்டு வகை என்று முதல் வாரம் வழி தெரியாமல் சுற்றினேன். வேவ்டேபிளைக் கையால் வரைந்து திருத்தும் வசதியில் சீரத்தின் பக்கத்தில்கூட அது வராது. பேட்ச்கள் 2,000க்கு மேல் உடன் வருகின்றன, சில அருமை, பல தூக்கிப் போட வேண்டியவை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ட்விஸ்ட் ஆசிலேட்டர்தான். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் பிளேட்ஸ் என்ற வன்பொருள் சிந்த் மாட்யூலின் நிரலிலிருந்து வந்தது அது. ஸ்ட்ரிங் ஆசிலேட்டரோடு சேர்த்தால் மீட்டிய கம்பிக்கும் மணிக்கும் நடுவில் ஒரு சத்தம் கிடைக்கிறது, அதை மட்டும் வைத்து இரண்டு பாட்டு முடித்துவிட்டேன்.

மேடையில் எப்படி என்று கேட்டால் என் அனுபவம் குறைவு. இரண்டு முறைதான் நேரடியாக வாசித்திருக்கிறேன், தடங்கல் வரவில்லை, அதை வைத்து உத்தரவாதம் தர மாட்டேன். 

இன்னொன்று, சர்ஜின் பழைய 1.9 பதிப்பில் செய்த ப்ராஜெக்டுகள் எக்ஸ்டியில் தானாகத் திறக்காது. பிளகின் அடையாளம் வேறு. பழையதையும் நிறுவி, பேட்சைச் சேமித்து, எக்ஸ்டியில் ஏற்ற வேண்டும். என்னிடம் அப்படி ஒரே ஒரு பாட்டு இருந்தது, பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பாடகியின் பாட்டையும் இப்போது முழுக்க எக்ஸ்டியில் ஏற்றிவிட்டேன், அந்தப் பேட் தவிர. அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.