ஸ்கூட்டருக்கு ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டியோடு தனி விபத்து பாலிசியா?

எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு வாங்கும்போதே சேர்த்துக் கட்டிய ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி காப்பீடு இந்த ஆண்டு முடிந்தது. இனி எதை எடுப்பது என்று கேட்டபோது முகவர் தயங்காமல் "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள் சார், எவன் இடித்தாலும் கவலையில்லை" என்றார். அந்த "எவன் இடித்தாலும்" என்ற வாக்குறுதி எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். கடைசியில் அவர் சொன்னதை எடுக்கவில்லை. வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும், எனக்கும் மனைவிக்கும் தனித்தனியாக ஒரு விபத்து பாலிசி என்று முடிவு செய்தேன். ஆகவே கீழே வரும் ஒப்பீடு நடுநிலையானதல்ல.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக்கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் இடமுண்டு. இருந்தும் நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை காப்பீடு இல்லாதவை. அவற்றில் பெரும்பான்மை நம்மைப் போன்றவர்கள் ஓட்டும் இருசக்கர வாகனங்கள். ஆக, நம்மை இடிப்பவர் காப்பீடு இல்லாதவராக இருப்பது அபூர்வமான துரதிர்ஷ்டம் அல்ல. இடித்துவிட்டு நிற்காமல் போவதும் அப்படித்தான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 67,387 ஹிட் அண்ட் ரன் விபத்துகள் பதிவாகின.

தேர்ட் பார்ட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் 714 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. நாம் யாரையாவது இடித்தால் அவருக்குப் போய்ச் சேரும் பணம் அது. நம்மை இடித்தவரிடம் அதே காப்பீடு இருந்தால் நமக்கு வரும். அவரிடம் இல்லையென்றாலோ, அவர் யாரென்றே தெரியவில்லை என்றாலோ, நம் கையில் இருக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியால் நமக்குச் சல்லிக்காசு வராது. சட்டக் கடமையை நிறைவேற்ற எடுக்கிறோம், அவ்வளவே.

ஃபுல் இன்சூரன்ஸுக்கு வருவோம். அதில் கூடுதலாகச் சேர்வது "ஓன் டேமேஜ்" எனப்படும் சொந்த வண்டிச் சேதப் பகுதி. இடித்தது யார், தப்பு யார்மேல் என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை. நிறுத்தியிருந்த வண்டியை நள்ளிரவில் எவனோ இடித்து நொறுக்கிவிட்டுப் போனாலும் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்ப்பார், பணிமனை பழுது பார்க்கும். முகவர் சொன்னது இந்த அளவில் உண்மை.

ஆனால் ஸ்கூட்டரின் உடம்பில் பாதி பிளாஸ்டிக். வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். தேய்மானமே கழிக்காத "ஜீரோ டெப்" வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பழைய வண்டிக்கு அதையும் எல்லா நிறுவனமும் தருவதில்லை. ஐந்தாண்டு முடியும்போது வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பும் பாதியாக இறங்கியிருக்கும்.

இதைவிடப் பெரிய கணக்கு நோ கிளைம் போனஸ். கோரிக்கை வைக்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதலில் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என ஏறி 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். ஒரே ஒரு கோரிக்கை வைத்தால் போதும், சுழியத்துக்கு வந்துவிடும். தப்பு நம்முடையதல்ல என்பது இங்கே செல்லாது. காருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். அடிப்படைப் பிரீமியம் 6,000 ரூபாய், இப்போது 50 சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ பம்பரை இடித்துவிட்டுப் போனதற்குக் கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டு 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவோம். அதற்கடுத்து 1,800, பிறகு 1,500, 900, 300. மொத்தம் 7,500 ரூபாய். அதற்குக் குறைவான சேதத்துக்குக் கோரிக்கை வைப்பவர் நிறுவனத்துக்கு உதவி செய்கிறார். ஓடிப்போன வண்டி விட்டுச் செல்லும் சேதங்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்தான் அடங்கும். போனஸைக் காக்கும் துணைக் காப்பீடு இருக்கிறது, அதற்கும் பணம்தான்.

ஃபுல் இன்சூரன்ஸுக்கு ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பொதுவாகப் பாதுகாப்பு இல்லை. முழுப் பாலிசியில் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் இதைச் சுற்றறிக்கையாகவே தெளிவுபடுத்தியது, 2012-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. மனைவியையோ பிள்ளையையோ தினமும் பின்னால் ஏற்றிச் செல்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்வது, ஓட்டிய நம்மீது தவறு இருக்கும்போதுதான். பின்னாலிருந்து வந்த லாரி தட்டிவிட்டு மறைந்தால், நம் கவனக்குறைவும் அதில் கொஞ்சம் இருந்தது என்று யாராவது நிரூபித்தாலொழிய இதுவும் கைகொடுக்காது.

இப்போது, என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: கால்.

இருசக்கர வாகனத்தில் போகிறவரைத் தட்டிவிட்டு ஒரு வண்டி ஓடினால், பிழைத்தவருக்கு நடக்கக்கூடியது என்ன? முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, அறுவை, தகடு, பிறகு மாதக்கணக்கில் படுக்கை. ஸ்கூட்டரின் முன்பக்கத்தைச் சில ஆயிரம் ரூபாயில் மாற்றிவிடலாம். வேலைக்குப் போகாத வாரங்களுக்கு யார் பணம் தருவார்கள்? இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு காப்பீட்டிடமும் கேட்டுப் பார்த்தேன்.

தேர்ட் பார்ட்டியிடம் பதில் இல்லை என்று முன்பே பார்த்தோம். சொந்தச் சேதப் பகுதி இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும். மோட்டார் பாலிசியோடு கட்டாயமாகச் சேர்த்து விற்கப்படும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டே என்பீர்கள். அது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவரே ஓட்டினால் மட்டும். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். மரணம், கை கால் கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கே பணம். எலும்பு முறிந்து கூடிய காலுக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வண்டி என் பெயரில். பெரும்பாலும் ஓட்டுவது மனைவி. அவருக்கு அந்த 15 லட்சமும் இல்லை.

சரி, அரசு? சட்டத்தின் 161-ஆவது பிரிவின்படி, அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன் வெறும் 25,000, 12,500. எலும்பு முறிவு கொடுங்காயக் கணக்கில் வரும். விண்ணப்பம் விபத்து நடந்த பகுதியின் விசாரணை அதிகாரிக்கு, அதாவது வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலை அதிகாரிக்குப் போகும். ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். விசாரணைக்கு ஒரு மாதம், ஆணைக்கும் பணத்துக்கும் பதினைந்து பதினைந்து நாள் என்று விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் 2022-23 நிதியாண்டில் நாடு முழுவதும் வந்த கோரிக்கைகள் 205தான். மேலே சொன்ன 67,387-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோவை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணிக்கையைக் கவனித்துத்தான், ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியாவிட்டால் இப்படி ஒரு திட்டம் இருப்பதைக் காவல்துறையே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இதில் ஒரு கோணலும் உண்டு. இந்தப் பிரிவு, முயன்றும் கண்டுபிடிக்க முடியாத வண்டிக்கு மட்டும். எண்ணைக் குறித்துவிட்டோம், உரிமையாளரும் கிடைத்துவிட்டார், காப்பீடு மட்டும் இல்லை என்றால் அந்த 50,000-க்குக் கதவு அடைபட்டுவிடும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். அதையும் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள். தீர்ப்பு நமக்குச் சாதகமாகத்தான் வரும். பணம் வர வேண்டியது 714 ரூபாய் கட்டாத ஒருவரின் சட்டைப்பையிலிருந்து.

சிகிச்சைச் செலவுக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை. 2025 மே முதல் மத்திய அரசின் திட்டத்தில் விபத்துக்குள்ளானவருக்கு ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழகத்தில் 2021 டிசம்பரிலிருந்தே "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" இருக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்கு யார் என்ன என்று கேட்காமல் பார்க்கிறார்கள். இரண்டுமே தொடக்க நாட்களுக்கானவை. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் எட்டாம் நாளுக்குப் பிறகுதான் கழுத்தைப் பிடிக்கும்.

அந்த இடத்தை நிரப்புவது தனி விபத்து பாலிசி ஒன்றுதான். 2021 ஏப்ரலிலிருந்து "சரள் சுரக்ஷா பீமா" என்ற பெயரில் ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஆணையம் வைத்திருக்கிறது. 2.5 லட்சம் முதல் 1 கோடி வரை எடுக்கலாம். மரணமும் நிரந்தர ஊனமும் அடிப்படையில் வரும். பகுதி ஊனத்துக்கும் பணம் உண்டு. முக்கியமானது விருப்பத் தேர்வாகச் சேர்க்கும் தற்காலிக முழு இயலாமைப் பயன். வேலைக்குத் திரும்பும் வரை வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம். 20 லட்சத்துக்கு எடுத்தவருக்கு வாரம் 4,000 ரூபாய். விபத்தால் மருத்துவமனையில் சேர்ந்த செலவுக்கு 10 சதவீதம் வரை, அதாவது 2 லட்சம் வரை, இன்னொரு விருப்பத் தேர்வு. பிரீமியம் நாம் பார்க்கும் வேலையைப் பொறுத்து மாறும். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் குறைவு, கட்டட வேலை செய்பவருக்குக் கூடுதல். வண்டியின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பஸ்ஸில் போகும்போது விழுந்தாலும், நடந்து போகையில் ஆட்டோ தட்டினாலும் இது செல்லும்.

இடித்தவன் யார் என்று இந்த பாலிசி கேட்பதில்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்பது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏ.ஆர். நகல் என்பார்கள். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாமே என்று பதற்றத்தில் உறவினர் யாராவது "வண்டி சறுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுவார், அப்படியே எழுதிவிடுவார்கள். அதன் பிறகு ஓடிப்போன லாரியைப் பற்றி யாரிடம் பேசினாலும் நம்ப மாட்டார்கள். தீர்ப்பாயமானாலும் வட்டாட்சியர் அலுவலகமானாலும் அந்த ஒரு வரி எதிரே வந்து நிற்கும். விபத்து பாலிசிக்குச் சறுக்கி விழுந்ததும் விபத்துதான், லாரி தட்டியதும் விபத்துதான். அதற்காக, நடந்ததை மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் எந்த வழியில் போனாலும் தேவைப்படும்.

இன்னொரு சிறு லாபம்: மரணமும் நிரந்தர ஊனமும் சேர்ந்த 15 லட்சத்துக்குக் குறையாத தனி விபத்து பாலிசி ஏற்கெனவே இருந்தால், மோட்டார் பாலிசியோடு வரும் கட்டாய விபத்துக் காப்பீட்டைத் தவிர்க்கலாம். உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும். இணையத்தில் புதுப்பிக்கும்போது அந்தக் கட்டம் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் இருக்கும்; தேடுங்கள்.

நான் உறுதியாகப் பேச முடியாத இடம், வாரப் பணம் கைக்கு வருவது. எங்கள் வீட்டில் யாரும் இதுவரை அப்படிக் கோரியதில்லை. உறவினர் ஒருவர் வேறொரு நிறுவனத்தில் கோரியபோது, மருத்துவரின் சான்றும் அலுவலக விடுப்புக் கடிதமும் கேட்டு இழுத்துத்தான் கொடுத்தார்கள். மாதச் சம்பளக்காரருக்கே அப்படி. சொந்தத் தொழில் செய்பவர் வேலைக்குப் போகவில்லை என்பதை எப்படிக் காட்டுவது என்று எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. குடித்துவிட்டு ஓட்டினால் எதுவும் கிடைக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காருக்கு நான் இதே முடிவை எடுக்கவில்லை. வங்கிக் கடன் இருக்கிறது, வண்டியும் புதிது, ஒரு பெரிய மோதலில் லட்சக்கணக்கில் போகும். அங்கே ஃபுல் இன்சூரன்ஸ்தான். சிறு கீறலுக்கெல்லாம் கோரிக்கை வைப்பதில்லை என்ற உறுதியோடு. புது ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கும், விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கும் முகவர் சொன்னதே சரியாக இருக்கலாம். பேட்டரி அடிபட்டால் என்ன ஆகும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை.

கையைக் கடிக்கிறது என்பவர்கள் வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமாவையாவது விடாதீர்கள். மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். உடைந்த காலுக்கு அதிலும் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் குழு விபத்துக் காப்பீடு இருப்பவர்கள் முதலில் அந்தப் பத்திரத்தை வாங்கி, வாரப் பயன் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் நான் எடுத்த பாலிசி உங்களுக்குத் தேவையில்லை; பின்னால் உட்காருபவருக்கு மட்டும் எடுத்தால் போதும்.