பழைய ஓரங்குலப் படத்தில் தோட்டப் பெயர் தேடலாமா?

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை

இலங்கை மலையகத்தின் பழைய தோட்டப் பெயர் ஒன்று எந்த மலையில் கிடக்கிறது என்று தேடுகிறவருக்கு, நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல இடவிளக்கப் படம் நல்ல கருவிதான். ஆனால் அது வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயரைக் காட்டும், தொழிலாளர் வாயில் வழங்கும் நம் பெயரைக் காட்டாது. இது தெரிந்து கையில் எடுத்தால் ஏமாற்றம் இல்லை.

அளவுத்திட்டம் 1:63,360, அதாவது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். சதுர மைலுக்கு 640 ஏக்கர். ஆகவே 320 ஏக்கர் தோட்டம் படத்தில் அரைச் சதுர அங்குலம்தான். சமவுயரக் கோடு, ஓயா (ஆறு), ரோட்டு, ஃபெக்டரி எல்லாம் அதற்குள்ளேயே நுழைய வேண்டும். தோட்டப் பெயருக்கு இடம் கிடைத்துவிடும், தோட்டத்தின் உட்பிரிவான டிவிசன்களின் பெயர்கள்தான் அடிபடும். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பெரிய நட்டம் அதுதான். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்ட பிறகு சிறு கோப்பித் தோட்டங்கள் பல பெரிய தேயிலைத் தோட்டங்களோடு சேர்ந்துவிட்டன. அவற்றின் பெயர் டிவிசன் பெயராக மட்டுமே பிழைத்துக் கிடக்கிறது. மைல் கணக்கை விட்டு மீட்டர் கணக்கில் வந்த 1:50,000 படம், அதாவது மீட்டர் தாள், கொஞ்சம் தாராளம்: ஒரு சதுர மைலுக்கு ஓரங்குலப் படத்தில் ஆறரைச் சதுர சென்ரிமீற்றர், இதில் பத்துக்குச் சற்று மேல்.

எழுத்துக்கூட்டல்தான் தலைவலி. அப்புத்தளையும் அட்டனும் நமக்கு 'அ'வில் தொடங்கும், ஆங்கிலத்தில் இரண்டும் 'எச்'சில். ஊவா பழைய ஏடுகளில் 'ஓ, யூ, வி, ஏ, எச்' என்று வரும். தேடப் போகுமுன் ஒரு பெயருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன் ஸ்கொட்லாந்துக் குன்று ஒன்றின் பெயர், அதைத் தேடுவது சுலபம். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாய்வழி வழங்கும் பெயருக்குப் பிறப்புப் பத்திரத்தையும் கோயில் கும்பாபிஷேக மலரையும்தான் புரட்ட வேண்டும்.

போட்டோ கொப்பியை நம்பி தூரம் அளக்க வேண்டாம். முதலில் அளவுக்கோட்டில் ஒரு மைலை ரூலர் வைத்துப் பாருங்கள், சரியாக 25.4 மில்லிமீற்றர் வர வேண்டும். 24 இருந்தால் பத்து மைல் ஒன்பதரையாகிவிடும். மடிப்பு விழுந்த தாளின் கொப்பியில் மடிப்போரத்துப் பெயர்களும் தேய்ந்துபோயிருக்கும்.

மீட்டர் தாளின் ஆள்கூற்றை கணினியில் போடுகிறவர்கள் விழுகிற குழி இன்னொன்று. பழைய இலங்கைக் கட்டத்தில் (ஆள்கூறு அளக்கும் கிரிட்) பிதுருதலாகலைக்கு 200,000, 200,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டுக் கட்டத்தில் அதே மலைக்கு 500,000, 500,000. பழைய எண்ணைப் புதிய கட்டத்தில் போட்டால் தோட்டம் 300 கிலோமீற்றர் மேற்கே, 300 கிலோமீற்றர் தெற்கே போய்க் கடலில் விழும். கணினியில் 'கண்டவல' என்ற பழைய அளவை ஆதாரத்தை (டேட்டம்)த் தெரிவு செய்தால் போதும்.

வாங்கிய தாளை லெமினேட் பண்ணிவிடாதீர்கள். வயதானவர்கள் சொல்லும் டிவிசன் பெயரையும் மலை (தேயிலைக் காணி) நம்பரையும் பென்சிலால் ஓரத்தில் எழுதி, பிறகு திருத்தவும் வேண்டியிருக்கும்.