ஸ்லைட் லொக்கும் என் பெருவிரலும்: எட்டு வருச அனுபவம்

நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு மருமகன் ஓடிவந்தான். "மாமா, உது உடைஞ்சு போச்சுது." ஸ்லைட், அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம், பின்னால் போய் அப்படியே நிற்கிறது. உடையவில்லை, இடப்பக்கத்து லீவரை அழுத்தியதும் டக்கென்று மூடிக்கொண்டது. விளையாட்டுச் சாமானிலும் இதைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு. உள்ளே இருந்து அம்மா, "உந்தச் சத்தம் இந்த வீட்டுக்குள்ள கேக்கக்கூடாது" என்றா. அவவின் காது அந்தச் சத்தத்தை எங்கெல்லாம் கேட்டது என்று எங்கள் ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாங்கள் இருவரும் மாமரத்தடிக்கு இடம் மாறினோம்.

என்னுடையது உண்மைப் பிஸ்டல், குளொக் 19, நான்காம் தலைமுறை. 9 மில்லிமீற்றர், குழல் 102 மில்லிமீற்றர், ரவைக்கூட்டுக்குள் 15 ரவை. 2016 இல் சுவிஸில் வாங்கினேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தபோது அந்த நாட்டுச் சட்டம் என்னைத் துவக்கு வாங்க விடவில்லை, குடியுரிமை கிடைத்த பிறகுதான் அனுமதிப் பத்திரம் எடுத்தேன். மாதம் இரண்டு தரம் துவக்குச் சுடும் கழகத்தின் 25 மீற்றர் கூடத்தில் சுடுவது, அவ்வளவுதான். இப்போது நான் கோண்டாவிலில் லீவில் நிற்கிறேன், அது அங்கே இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம். ஸ்லைட்டைத் திறந்தபடி நிறுத்தும் லீவரை எல்லோரும் ஸ்லைட் லொக் என்போம். குளொக் கொம்பனியின் உதிரிப்பாகப் பட்டியலில் அது ஸ்லைட் ஸ்டொப் லீவர். அவர்கள் ஸ்லைட் லொக் என்பது விசைக்கு மேலே இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் சின்ன இரும்புத் துண்டு. துவக்கைக் கழற்றும்போது அதைத்தான் கீழே இழுப்போம். இது தெரியாமல் ஒருமுறை பாகம் எடுப்பித்து, தபாலில் வந்ததைப் பார்த்து முழித்தேன். கடைக்காரரைக் குறை சொல்ல ஏலாது, நான் எழுதிக் கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார். அந்தத் துண்டு இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

சரி, அந்த லீவரை ஏன் மாற்ற நினைத்தேன்? கடைசி ரவை போனதும் ஸ்லைட் பின்னால் நிற்க வேண்டும். ரவைக்கூட்டுக்குள் ரவைகளை மேலே தள்ளும் பிளாஸ்டிக் தட்டு, கூடு காலியானதும் லீவரின் உட்பக்கக் காலைத் தூக்கும். லீவர் எழும்பி ஸ்லைட்டின் வெட்டுக்குள் விழும். எனக்கு நாலு தரத்தில் ஒருதரம் அது நிற்காது. ரவை இருக்கிறது என்று நினைத்து விசையை அழுத்தினால் வெறும் 'டிக்'. ரவைக்கூட்டு ஸ்பிரிங் மாற்றினேன், ரவையின் வகையை மாற்றினேன், பிறகுதான் அந்தத் தபால் கதை. ஒருநாள் கழகத்து நண்பர் ஒருவர் அதே துவக்கால், அதே ரவைக்கூட்டால் சுட்டார். ஒருமுறைகூடப் பிசகவில்லை. என் கையைப் போனில் வீடியோ எடுத்துப் பார்த்தோம். இரண்டு பெருவிரலும் முன்னோக்கி நீளும் பிடியில் என் வலப் பெருவிரல் லீவரின் தலையில் சொகுசாகப் படுத்திருக்கிறது! எழும்பப் பார்க்கும் லீவரை நானே அமத்திப் பிடித்திருக்கிறேன். வலப் பெருவிரலை இடக்கைப் பெருவிரலின் அடிமூட்டில் ஏற்றி வைக்கப் பழகியதும் நோய் போனது. பழக மூன்று மாதம் பிடித்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. பெருவிரல் கீழிருந்து முட்டினால் ரவை இருக்கும்போதே ஸ்லைட் நின்றுவிடும். நீட்டு லீவர் பூட்டினால் இரண்டு தொல்லையும் கூடும். ஆசைப்பட்டு வாங்கிப் பூட்டினேன், இரண்டு கிழமையில் கழற்றிவிட்டேன். பழைய லீவர் தகட்டில் அடித்தெடுத்த மெல்லிய சாமான், விளிம்பு பெருவிரலில் கோடு போடும். அந்தக் கோடு எனக்குப் பரவாயில்லை.

மூடுவதற்கு லீவரை அழுத்துவதா, ஸ்லைட்டை இழுத்து விடுவதா என்று கழகத்தில் தேத்தண்ணி ஆறும்வரை சண்டை பிடிப்பார்கள். நான் இழுத்து விடுகிற கட்சி. நின்ற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் போய் வருவதால் ஸ்பிரிங்குக்கு முழு ஓட்டம் கிடைக்கிறது, குளிரில் விறைத்த விரலுக்கும் லேசு. ஆனால் இழுத்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்லைட்டைப் பிடித்தபடி முன்னால் கூட்டிக்கொண்டு போனால் கடைசி இரண்டு மில்லிமீற்றர் மூடாமல் நிற்கும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் பிழை இது. காலி ரவைக்கூடு உள்ளே இருக்க லீவரோடு மல்லுக்கட்டுவதும் வீண். தட்டு கீழிருந்து தூக்கிக்கொண்டே இருக்கும், வெட்டின் விளிம்புதான் தேயும். கூட்டைக் கழற்றிவிட்டு மூடுங்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்லைட் திறந்து நிற்கிறது என்றால் துவக்கு காலி என்று அர்த்தமில்லை. கூட்டை எடுத்து, ரவை ஏறி நிற்கும் குழலின் பின்னறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அது காலி. குளொக்கைக் கழற்ற முதலில் விசையை அழுத்த வேண்டும் என்பதால் இதில் அசட்டை கூடவே கூடாது. தடவும்போது மற்றக் கையால் ஸ்லைட்டை இறுக்கிப் பிடியுங்கள். லீவர் தட்டுப்பட்டு ஸ்லைட் பாய்ந்தால் விரல் போகும். என் ஆள்காட்டி விரல் நுனியில் அரைச் சென்ரிமீற்றர் தழும்பு இருக்கிறது, மூன்றாம் மாதத்துச் சம்பாத்தியம். ரவை நிறைந்த கூட்டை ஓங்கி அடித்துச் செருகினாலும் சிலவேளை லீவர் தானாக விட்டு ஸ்லைட் மூடி, ரவையும் ஏறிவிடும். குழல் அந்த நேரம் இலக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

இடக்கைக்காரருக்கு என் நான்காம் தலைமுறையைச் சொல்லமாட்டேன், லீவர் இடப்பக்கம் மட்டும்தான். 2017 இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. மருமகனும் இடக்கை. மாமரத்தடியில் அவன் அந்த விளையாட்டுப் பிஸ்டலைத் தலைகீழாகப் பிடித்து லீவரை அழுத்த ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அம்மம்மா வந்தால் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான்.