சுவரொட்டியில் இருந்தவர்கள் மேடைக்கு வரவில்லை

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களுக்கு: எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ராக் குழு ஒன்று உங்கள் ஊர் அரங்கத்துக்கு வருகிறது என்ற விளம்பரத்தைப் பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் மேடை ஏறப்போகிறவர்கள் யார் யார் என்று கேளுங்கள். குழுவின் பெயர் போதாது, ஆட்களின் பெயர்கள் வேண்டும். எனக்கு விற்கப்பட்டது வெறும் பெயர்தான்.

எந்தக் குழு, எந்த ஏற்பாட்டாளர் என்று இங்கே எழுதப்போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதோடு, இந்த வித்தையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

திருச்சியிலிருந்து வந்திருந்த மாமாவுக்காகத்தான் டிக்கெட் வாங்கினேன். பொறியியல் கல்லூரி விடுதியில் அந்தக் குழுவின் இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டவர் அவர். விளம்பரத்தில் பழைய எழுத்து வடிவில் குழுவின் பெயர். கீழே நீண்ட தலைமுடியோடு நிற்கும் இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படம். அதன்மேல் ‘பொன்விழாச் சுற்றுப்பயணம்’ என்று ஒரு பட்டை. ஒரு டிக்கெட் 68 பவுண்டு. முன்பதிவுக் கட்டணம் தனி.

விளக்கு எரிந்ததும் வந்து நின்றவர்களில் பாடகருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அந்தத் தட்டு வந்தபோது அவர் பிறந்தே இருக்க மாட்டார். கிட்டார் வாசித்தவர் அதுவரை வேறொரு குழுவின் பாடல்களை அச்சு அசலாக வாசித்துப் பிழைத்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பழைய பெயருடன் தொடர்புள்ள ஒரே ஆள் பேஸ் கிட்டார்காரர். அவரும் குழுவின் புகழ்பெற்ற பாடல்களெல்லாம் வெளியாகிப் பல ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தவர். பெயரின் உரிமை இப்போது அவர் கையில். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் மாமா என் காதருகே குனிந்து, “இவர்களில் யார் மாப்பிள்ளை அந்தத் தட்டில் பாடியவர்?” என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

உச்சஸ்தாயி வரும் இடத்தில் பாடகர் ஒலிவாங்கியை வாயிலிருந்து விலக்கிக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். குரல் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பதிவுசெய்து வைத்த குரல்! பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வயதானவர்கள் வயதுக்கேற்றபடி பாடினால் எனக்கு ஒரு குறையும் இல்லை. டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் இயன் கில்லன் 1945-இல் பிறந்தவர். ‘சைல்ட் இன் டைம்’ பாடலின் அந்த அலறல் இனி தொண்டைக்கு வராது என்று தெரிந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைத் தொடாமல் இருக்கிறார்கள். அது நேர்மை. டிரம்ஸில் இருக்கும் இயன் பெய்ஸ் 1968 முதல் எல்லா அணிகளிலும் இருந்தவர். இப்படிப்பட்ட குழுவுக்குத் தாராளமாகப் போகலாம்.

அசல் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை என்பதாலேயே ஒரு குழு போலியாகிவிடாது. டாக்டர் ஃபீல்குட் என்ற பிரிட்டிஷ் குழுவின் பாடகர் லீ பிரில்லோ 1994-இல் இறந்தார். அசல் ஆட்கள் யாரும் இல்லாமலே அது தொடர்ந்தது. லினார்ட் ஸ்கினார்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் கடைசி அசல் உறுப்பினர் கேரி ராசிங்டன் 2023 மார்ச்சில் காலமான பிறகும் அந்தப் பெயரில் கச்சேரிகள் நடக்கின்றன. யார் வாசிக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வேண்டியவர் போகலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். நம்மூர் மெல்லிசைக் குழு இளையராஜா பாடல்களை வாசிக்கும்போது இளையராஜாவே மேடைக்கு வருவார் என்று யாரும் நினைப்பதில்லை, குழுவும் அப்படி நினைக்க விடுவதில்லை. இங்கே நடந்தது வேறு. மறைப்பதற்காகவே பழைய படத்தைப் போட்டிருந்தார்கள்.

இது புதிய தந்திரமும் அல்ல. 1974-இல் ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் மேலாளர் கிளிஃபர்ட் டேவிஸ், பெயர் தனக்குச் சொந்தம் என்று சொல்லி முற்றிலும் வேறு ஆட்களை அதே பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். உண்மையான குழு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 1980-இல் நடந்தது இன்னும் மோசம்: டீப் பர்ப்பிள் கலைந்திருந்த காலம்; முதல் மூன்று தொகுப்புகளில் பாடிய ராட் எவன்ஸை முன்னே நிறுத்தி, மற்றவர்களை வெளியிலிருந்து பிடித்து, அதே பெயரில் கச்சேரி நடத்தினார்கள். நீதிமன்றம் 6,72,000 டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா 2005-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. ஆனால் அங்கும் பெயரின் வணிக முத்திரையைச் சட்டப்படி வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்ளலாம். பிரிட்டனிலும் பெயர் யாருக்கு என்ற வழக்கு வேறு, ரசிகரை ஏமாற்றினார்களா என்ற கேள்வி வேறு. விஷ்போன் ஆஷ் என்ற குழுவின் பெயருக்காக அதன் பழைய உறுப்பினர்களான ஆண்டி பவலும் மார்ட்டின் டர்னரும் மோதிக்கொண்ட வழக்கில் 2013-இல் பவல் வென்றார். அதன்பின் டர்னர் ‘முன்னாள் விஷ்போன் ஆஷ்’ என்று வெளிப்படையாகப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார். அந்த ஒரு சொல்லைத்தான் என்னிடம் பணம் வாங்கியவர்களும் போட்டிருக்க வேண்டும்.

ஏற்பாட்டாளருக்கு எழுதினேன். டிக்கெட் விதிகளின் அடியில் ‘கலைஞர்கள் மாறக்கூடும்’ என்று இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. ஒருவர் காய்ச்சலில் படுத்து இன்னொருவர் வந்தால் அது மாற்றம். தொடக்கத்திலிருந்தே இல்லாதவர்களின் படத்தைப் போட்டு விற்றது எப்படி மாற்றமாகும்? 2016-இல் ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் செவித்திறன் பாதிப்பால் விலகி, அவர் இடத்தில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் வந்தபோது, ரோஸ் வேண்டாம் என்ற பெல்ஜிய ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த மரியாதையில் கால்வாசிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயல்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கிரெடிட் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்குத்தான் பொருந்தும். இரண்டு டிக்கெட்டைச் சேர்த்து நூறைத் தாண்டிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு டிக்கெட்டின் விலையைத்தான் பார்ப்பார்கள். இடைத்தரகர் தளத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பிரிவே கைகொடுக்காமல் போகலாம். மிஞ்சுவது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப அழைக்கும் ‘சார்ஜ்பேக்’ முறை. அதற்குக் காலக்கெடு உண்டு. ஏற்பாட்டாளரின் அடுத்த பதிலுக்காகக் காத்திருந்து அதைக் கோட்டைவிடாதீர்கள். நான் அந்த வழியில்தான் போயிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்பாக இருந்தால், கச்சேரிகளில் பாடிய பாடல்களை ரசிகர்கள் பட்டியலிடும் செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் அதே குழு அண்மையில் என்னென்ன பாடியது என்று பாருங்கள். ரசிகர்கள் கைப்பேசியில் எடுத்த இந்த ஆண்டுக் காணொளி ஒன்றையாவது தேடிப் பாருங்கள்; ஏற்பாட்டாளர் வெளியிடும் முன்னோட்டம் உதவாது, என் கச்சேரியின் முன்னோட்டத்தில் ஓடியதெல்லாம் பழைய தொலைக்காட்சிப் பதிவு. அரங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பாடப்போகிறவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விளம்பரத்தை இன்றைக்கே, தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் புகார் போன சில நாள்களில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு வெறும் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். நல்லவேளையாக, டிக்கெட்டோடு வந்த மின்னஞ்சலில் அது இருந்தது. வங்கிக்கு அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.