ரேஞ்ச்ஃபைண்டரில் முகம் எடுக்க: 75-ஆ 90-ஆ, எவ்வளவு வேகம் போதும்?

லைக்கா எம் வரிசைக் கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் எம் மவுண்டுக்குப் போர்ட்ரெய்ட் லென்ஸ் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அபெர்ச்சர் எண்ணை. லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது; எண் சிறிதானால் லென்ஸ் வேகமானது என்பார்கள். எஃப் 2, 1.5, 1.4, 1.25 என்று எண் இறங்க இறங்க விலையும் எடையும் ஏறுகின்றன, ஆசையும்தான். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் வகையான இந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. வியூஃபைண்டரின் நடுக்கட்டத்தில் இரண்டு பிம்பங்களைச் சேர்க்கிறோம். ஃபோகஸ் சரியா என்பதற்கு அதுதான் ஒரே சாட்சி. அதனால் லென்ஸ் எவ்வளவு கூர்மை என்று கேட்பதற்கு முன், அந்தக் கூர்மையைக் கருவிழியில் கொண்டுபோய் நிறுத்த உங்கள் கேமரா பாடியால் முடியுமா என்று கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தூரத்தை (75, 90 என்று மி.மீ.-இல் சொல்வது) அதே எண்ணால் பெருக்கி, அபெர்ச்சரால் வகுத்து, மீண்டும் நூறால் வகுத்தால், அந்த லென்ஸை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்யத் தேவைப்படும் அடித்தள நீளம் (இரு பிம்பங்களைத் தரும் சாளரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கியது) மில்லிமீட்டரில் கிடைக்கும். கண்ணின் பகுத்தறியும் திறன் ஒரு ஆர்க் நிமிடம், ஃபிலிமில் ஏற்கத்தக்க மங்கல் 0.03 மி.மீ. என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. 75 எஃப் 2-க்கு 28 மி.மீ., 75 எஃப் 1.8-க்கு 31, 75 எஃப் 1.5-க்கு 37.5, 75 எஃப் 1.4-க்கு 40, 75 எஃப் 1.25-க்கு 45, 90 எஃப் 2-க்கு 40.5, 90 எஃப் 1.5-க்கு 54.

இனி எம் மவுண்ட் பாடிகள். லைக்கா எம்6-இன் அடித்தளம் 69.25 மி.மீ.; அதை 0.72 உருப்பெருக்கத்தால் பெருக்கினால் பயனுக்கு வருவது 50 மி.மீ. எம்10-இலும் ஏறக்குறைய அதுவே. எம்3-இல் 62, ஸைஸ் ஐகானில் 56 அளவு. பெஸ்ஸா ஆர்3ஏ-இன் வியூஃபைண்டர் ஒன்றுக்கு ஒன்று காட்டுவதால் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அடித்தளம் 37 மி.மீ. மட்டுமே. அதில் 75 எஃப் 1.8 நிம்மதி, எஃப் 1.5 எல்லைக்கோடு, அதற்கு மேல் அதிர்ஷ்டம். 90 எஃப் 1.5 லென்ஸோ, நல்ல நிலையில் உள்ள எம்6-ஐயே தாண்டி நிற்கிறது. 1.4 மடங்கு உருப்பெருக்கும் கண்வில்லையைத் திருகிக்கொண்டால் 50 மி.மீ. 70 ஆகிவிடும். 75, 90 எடுப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. அகல லென்ஸ்களுக்கான சட்டங்கள் (வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகள்) பார்வையிலிருந்து மறையும். இந்த வேலைக்கு அவை தேவையுமில்லை. டிஜிட்டல் படத்தைத் திரையில் முழு அளவில் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் மேற்சொன்ன எண்களை ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை கூட்டிக்கொள்ளலாம்.

75-ஐ எடுப்பதா 90-ஐ எடுப்பதா என்பதைப் பலரும் முகத்தின் வடிவத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் கிட்டத் தூரம் அதைவிட முக்கியம். 0.7 மீட்டர் வரை நெருங்கும் 75, படத்தில் ஏறக்குறைய 20-க்கு 30 செ.மீ. பரப்பை நிரப்பும், அதாவது முகம் மட்டும். ஒரு மீட்டரிலேயே நின்றுவிடும் 90 நிரப்புவது 22-க்கு 33. ஆக, குட்டை லென்ஸ்தான் முகத்தைப் பெரிதாகக் காட்டுகிறது. 0.7 மீட்டரில் மூக்கு கொஞ்சம் முன்னே வரும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான முகங்களை ஒன்று முதல் ஒன்றரை மீட்டரில்தான் எடுப்போம். அங்கே 75-இன் வடிவம் இயல்பாகவே இருக்கும்.

வோக்ட்லேண்டர் நோக்டன் 75 எஃப் 1.5: 2019-இல் கோஸினா நிறுவனம் கொண்டுவந்தது. 350 கிராம், 58 மி.மீ. ஃபில்டர், 0.7 மீட்டர் வரை நெருங்கும், ஏழு வில்லைகள், 12 இதழ் அபெர்ச்சர். இந்த வேகத்தில் இவ்வளவு சிறிதாக ஒன்று முன்பு இருந்ததில்லை. முழுதாகத் திறந்தாலும் நடுப்பகுதி கூர்மையாக இருக்கிறது, காண்ட்ராஸ்ட் அளவாக இருக்கிறது, பின்னணி உருண்டு மென்மையாகக் கரைகிறது. வியூஃபைண்டரின் மூலையை மறைப்பதும் குறைவு. எம் மவுண்டில் இன்று ஒரே ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்குவதென்றால் இதுதான். ஒரே எச்சரிக்கை: 0.7 மீட்டரில் எஃப் 1.5-இல் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 7 மி.மீ. இமை கூர்மையாகவும் புருவம் மங்கலாகவும் வந்தால் குறை லென்ஸுடையது அல்ல.

இதே நிறுவனத்தின் ஹீலியார் கிளாசிக் 75 எஃப் 1.8 (2010) வேறு ரகம். மூன்று குழுக்களில் ஆறு வில்லைகள், 427 கிராம், 0.9 மீட்டருக்குமேல் நெருங்காது. திறந்த நிலையில் படத்தின் மிகப் பிரகாசமான இடங்களைச் சுற்றி மெல்லிய ஒளிர்வு இருக்கும், எஃப் 2.8 தாண்டினால் அது மறைந்து படம் இறுகும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில், ஜன்னல் வெளிச்சத்தில், வயதானவர்களின் முகத்துக்கு நோக்டனைவிட இதையே பரிந்துரைப்பேன். சுருக்கங்களை அழிக்காமல் அவற்றின் கடுமையை மட்டும் குறைக்கும் லென்ஸ் இது.

லைக்கா சம்மிலக்ஸ் 75 எஃப் 1.4 இந்த வகைக்கே அளவுகோல். கனடாவின் மிட்லண்ட் ஆலையில் வால்டர் மாண்ட்லர் வடிவமைத்து 1980-இல் வெளியானது. ஏழு வில்லைகள் ஐந்து குழுக்களில். அதே ஆண்டு வந்த எம்4-பி பாடியில்தான் 75-க்கான சட்டக் கோடுகளும் முதன்முதலாக வந்தன. எம்3, எம்2, எம்4 வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: அவற்றில் 75 கோடே கிடையாது, 50 சட்டத்துக்குள் உத்தேசமாகத்தான் எடுக்க வேண்டும். இந்த லென்ஸின் படத்தில் கூர்மையும் மென்மையும் சண்டையில்லாமல் சேர்ந்திருக்கும். கண் தெளிவாக நிற்க, கன்னம் காது நோக்கிப் போகப் போக எங்கே கூர்மை முடிந்தது என்றே தெரியாது. விலை? உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டதால் பழையதே பல நோக்டன்களின் விலைக்கு விற்கிறது. எடை 600 கிராம் அளவு, ஃபோகஸ் வளையத்தின் சுற்றும் நீளம். ஓடும் குழந்தையை இதில் பிடிப்பது கடினம். டிஜிட்டலில் வெயிலில் மின்னும் ஓரங்களில் ஊதா நிறம் படியும்.

அப்போ-சம்மிக்ரான் 75 எஃப் 2 (2005) 430 கிராம், 0.7 மீட்டர், 49 மி.மீ. ஃபில்டர். ஃபோகஸுடன் சேர்ந்து நகரும் மிதவை வில்லைகள் இருப்பதால் கிட்டத்திலும் தரம் விழுவதில்லை. இந்தப் பட்டியலில் குறை சொல்ல இடம் தராதது இதுதான். முகத்தில் உள்ளதை எல்லாம் சொல்லிவிடுவதும் இதுதான்.

நோக்டிலக்ஸ் 75 எஃப் 1.25 ஒரு கிலோவைத் தாண்டுகிறது, வெளியானபோது 12,000 டாலருக்கு மேல். விஸோஃப்ளெக்ஸ் போன்ற மின்னணு வியூஃபைண்டர் இல்லாமல் இதை வாங்குவதில் பொருளில்லை. 2019-இல் வந்த சம்மிலக்ஸ் 90 எஃப் 1.5-க்கும் அதே தீர்ப்பு.

90-இல் என் தேர்வு 1980-இல் வந்த பழைய சம்மிக்ரான் எஃப் 2. 1998-இன் அப்போ வடிவம் அல்ல. அப்போ வடிவம் கூர்மையில் எங்கோ போய்விட்டது. ஆனால் அந்தக் கூர்மை ஃபோகஸில் நேரும் சிறு பிழையையும் காட்டிக்கொடுக்கும். பழையது கொஞ்சம் மன்னிக்கும், விலையும் குறைவு. இரண்டும் ஒரு மீட்டருக்கு மேல் நெருங்கா.

பழைய ஜப்பானிய 85-கள் தனி உலகம். நிக்கார் 85 எஃப் 2-இல் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் 1950-இல் லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் நிப்பான் கோகாகு (இன்றைய நிக்கான்) ஆலைக்குப் போனார். நிக்கான் என்ற பெயர் மேற்கில் பரவ அது பெரிய காரணம். லைக்காவின் பழைய எல்39 திருகு மவுண்டிலும் அந்த லென்ஸ் கிடைக்கும். 1961-இன் கேனன் 85 எஃப் 1.8 இன்றும் வாங்கத் தகுந்தது. ஆனால் 85-க்கு லைக்காவில் சட்டக் கோடு இல்லை; 90 கோட்டைவிடச் சற்று வெளியே வைத்துப் பழக வேண்டும். திருகு லென்ஸை எம் பாடியில் பொருத்தும் அடாப்டரிலும் மூன்று வகை உண்டு: 85, 90 லென்ஸுக்கு 28/90 எழுதியதையும், 75-க்கு 50/75 எழுதியதையும் வாங்குங்கள். அதன் தடிமன் சரியாக 1 மி.மீ. இருக்க வேண்டும். மலிவான அடாப்டர் சற்றே தடித்திருந்தாலும் முடிவிலி தொலைந்துவிடும். எல்39 ஜூபிட்டர்-9 என்ற சோவியத் 85-ஐ மலிவு என்று வாங்காதீர்கள். அதன் வம்சம் கான்டாக்ஸ் கேமராவுடையது. லைக்கா பாடியில் திறந்த நிலையில் கிட்டத்து ஃபோகஸ் தவறுவது அதில் வழக்கம், சரிசெய்யும் செலவு லென்ஸ் விலையைத் தாண்டும்.

எதை வாங்கினாலும் முதல் வேலை ஃபோகஸ் சோதனை. கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஒரு மீட்டரில் செங்குத்தாக ஒரு அட்டை, அதன் பக்கத்தில் 45 பாகைச் சாய்வில் ஓர் அளவுகோல். அளவுகோலின் நடுக்கோடு அட்டையின் தளத்தில் இருக்கட்டும். லென்ஸை முழுதாகத் திறந்து அட்டையில் ஃபோகஸ் செய்யுங்கள். முடிவிலியிலிருந்து வளையத்தைத் திருப்பி வந்து ஐந்து படங்கள், கிட்டத்திலிருந்து திருப்பி வந்து ஐந்து. அளவுகோலில் ஒரு செ.மீ. பிழை என்றால் ஆழத்தில் 7 மி.மீ. இதையே மூன்று மீட்டரிலும், பிறகு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்திலும் பாருங்கள். எல்லா லென்ஸும் ஒரே பக்கம் தவறினால் பாடியில் பிழை. ஒன்று மட்டும் தவறினால் அந்த லென்ஸின் கேமில் (பாடியின் ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் பகுதியில்) பிழை. இரு திசைகளிலிருந்து வந்த படங்கள் வேறுவேறாக இருந்தால் ஹெலிகாய்டில் (ஃபோகஸுக்காக லென்ஸை நகர்த்தும் திருகில்) ஆட்டம் உண்டு. பழைய லென்ஸை அப்போதே திருப்பிக் கொடுங்கள். பாடிக்குள் தெரியும், லென்ஸின் கேமைத் தொடும் ரோலரின் திருகு முடிவிலியைத் திருத்தும். மயிரிழை திருப்பினாலே பெரிதாக மாறும் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

படம் எடுக்கும்போது பெரும்பாலான படங்கள் கெடுவது சட்டத்தை மாற்றி அமைக்கும் நொடியில். நடுக்கட்டத்தில் கண்ணை ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைக் கீழே சாய்க்கிறோம். ஃபோகஸ் தளமும் கூடவே சாய்ந்து கண்ணுக்குப் பின்னால் போய்விடும். 0.7 மீட்டரில் கண்ணை நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளினால் பிழை 4.6 மி.மீ.; நோக்டனில் ஃபோகஸ் தளத்துக்கு முன்பக்கம் கிடைக்கும் ஆழமே மூன்றரை. சாய்க்காமல் கேமராவை நேராகக் கீழே இறக்குங்கள், அல்லது சாய்த்தபின் அரை செ.மீ. பின்னால் சரியுங்கள். அந்தத் தூரத்தில் எஃப் 2.8 வைத்தால் பிழை ஆழத்துக்குள் அடங்கிவிடும், பின்னணியும் போதுமான அளவு கரைந்தே இருக்கும்.