மாதம் ஆயிரத்து ஐந்நூறா, இரண்டாயிரமா, அரசு தரும் போர்டு வீடா: வாடகை வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு எது கைகொடுக்கும்?

எங்கள் அக்காவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது, வலது காலில் காலிப்பர், நடக்கக் காலைத் தாங்கும் கருவி. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டையில் ஊன அளவு 60 சதவீதம், மஞ்சள் பட்டை. வியாசர்பாடியில் தரைத்தளத்தில் ஒற்றை அறை, வாடகை 6,500. பக்கத்து டெய்லர் கடைக்கு ஜாக்கெட்டில் கொக்கி தைத்துக் கொடுக்கிறாள், அது மாதத்துக்கு மாதம் மாறும். மாறாமல் வருவது அரசு போடும் 1,500 மட்டும். எந்தத் திட்டம் நல்ல திட்டம் என்று யாராவது கேட்டால் நான் இந்த அறையில் உட்கார்ந்துதான் யோசிப்பேன். ஐந்தாம் தேதி ஹவுஸ் ஓனர் வந்து நிற்கும்போது எது உதவுகிறதோ அதுதான் நல்ல திட்டம், அவ்வளவுதான் என் அளவுகோல்.

தமிழ்நாட்டில் மாதாமாதம் பணம் தருவது இரண்டு துறைகள். இதுவே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒன்று வருவாய்த் துறை, தாலுகா ஆபீஸ் வழியாக வருவது, தெருவில் இதையும் ஓ.ஏ.பி. பணம், அதாவது முதியோர் பணம் என்றே சொல்வார்கள். 18 வயது முடிந்து 40 சதவீதம் இருந்தால் கேட்கலாம், 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆக்கினார்கள். இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை, இது 2,000. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்றால் 40 சதவீதம் போதும், குழந்தைக்கும் கிடைக்கும். பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்களுக்கும் உண்டு. மற்றபடி உடல் பாதிப்பு என்றால் 75 சதவீதம் வேண்டும். ஒருவரே இரண்டையும் வாங்க முடியாது.

அக்காவுக்கு 15 சதவீதம் குறைவதால் 2,000 கிடையாது. எதிர்வீட்டுப் பையனுக்கு அறிவுசார் குறைபாடு, அவன் அம்மாவோ வருடக்கணக்காக வருவாய்த் துறை பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தார், பையனுக்கு 18 ஆகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள் என்று அந்தக் கவுன்ட்டரில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டால், தகுதி இருக்கிறவர்கள் யோசிக்காமல் 2,000 பக்கம் போங்கள். ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் ஒரு காரணம், குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 தரும் மகளிர் உரிமைத் தொகை இன்னொரு காரணம். தானே வருவாய்த் துறை ஓய்வூதியம் வாங்கும் பெண்ணுக்கு அந்த 1,000 கிடையாது. பராமரிப்புத் தொகை வாங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், மற்றத் தகுதிகள் சரியாக இருக்கும் அம்மா விண்ணப்பிக்கலாம் என்று விதியிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு இப்போது மாதம் 3,000 வருகிறது.

இந்த 1,500 எங்கிருந்து வந்தது தெரியுமா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவு. மற்றவர்களுக்குத் தரும் இதுபோன்ற உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. முதியோர் உதவித்தொகையை அதே 2023-இல் 1,200 ஆக்கினார்கள். அதோடு 25 சதவீதத்தைச் சேர்த்துப் பாருங்கள், சரியாக 1,500, ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லை. சட்டம் கீழ்வரம்பு என்று போட்ட கோட்டிலேயே நாம் நின்றுகொண்டிருக்கிறோம். ஒன்றிய அரசைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவர்கள் தேசிய திட்டத்தில் 80 சதவீத ஊனம் உள்ள ஏழைக்கு 2012-இல் 300 ரூபாய் என்று நிர்ணயித்ததோடு சரி.

அடுத்தது ஆந்திரா. கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. அந்தப் பக்கம் 2024-இலிருந்து மாற்றுத்திறனாளிக்கு மாதம் 6,000. பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. ஒன்றாம் தேதி ஊழியர் வீட்டுக்கே வந்து கையில் கொடுக்கிறார். தெலங்கானாவில் 4,016. கேரளாவில் ரொம்ப நாள் 1,600-ஆக இருந்து 2025 நவம்பரில்தான் 2,000 ஆனது. இங்கே மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் சாலை மறியல் செய்யும்போதெல்லாம் ‘ஆந்திராவைப் பார்’ என்று தட்டி பிடிப்பது இதனால்தான். அக்காவின் 6,500 வாடகையோடு ஆந்திராவின் 6,000-ஐ வைத்துப் பார்த்தால் அந்தக் கோஷத்தில் தப்பே தெரியாது.

ஆனால் ஆந்திரா சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். 2025-இல் சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்து, 40 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று நிறைய பேருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள், பெரிய போராட்டமாகிவிட்டது. தொகை பெரிதாக இருந்தால் கத்தரிக்கோலும் பெரிதாகத்தான் வரும். நம் ஊரில் டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை, ரேஷன் அரிசி இலவசம், இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தாலும் 4,500 ரூபாய் இடைவெளி அடையாது, அது வேறு விஷயம். சரி, எல்லை தாண்டிக் குடிபோகலாமா என்று அக்காவே ஒருமுறை கிண்டலாகக் கேட்டாள். ரேஷன் கார்டை அந்த மாநிலத்தில் புதிதாக எடுக்க வேண்டும், ஆதாரில் விலாசத்தை மாற்ற வேண்டும், கொக்கி தைக்கத் தெலுங்கு டெய்லரையும் தேட வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம், இங்கேதான் நிஜமான சிக்கல். மேலே சொன்ன எந்தத் தொகையிலும் ‘வாடகைக்கு’ என்று தனியாக ஒரு பைசா கிடையாது. பிரிட்டனில் உடல்நிலைக்கான உதவி வேறு, வாடகைக்கான உதவி வேறு. அந்தப் பகுதியின் குறைந்த வாடகைகளைப் பார்த்து உச்சவரம்பு போட்டு, வருமானம் பார்த்துத் தருகிறார்கள். போதவில்லை என்று அங்கேயும் சண்டைதான், ஆனால் வாடகை என்று ஒன்று இருக்கிறது என்பதையாவது அரசு ஒத்துக்கொள்கிறது. இங்கே வாடகைக்காரர் என்றாலே திட்டங்களிலிருந்து நழுவுகிற ஆள். 100 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறதே, அக்காவுக்கு அது வந்ததே இல்லை. இணைப்பு ஓனர் பெயரில், அவளுக்கு ஒரு சப்-மீட்டர், யூனிட்டுக்குப் பத்து ரூபாய். 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, அவளிடம் வாங்கியது ஐம்பதாயிரம். அக்ரிமென்ட் கேட்டால் ‘நம்பிக்கை இல்லையாம்மா?’ என்பார். அது இல்லாமல் கார்டில் விலாசம் மாற்றவும் முடியாமல் அலைகிறோம்.

அதற்கு மாற்று, போர்டு வீடு. குடிசை மாற்று வாரியம் என்றால்தான் எங்கள் பக்கம் தெரியும், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். அரசு வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம், அதில் பெண்களுக்கு முன்னுரிமை என்று அதே 2016 சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை ஒழிந்தது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். வீட்டுக்கு நாம் கட்ட வேண்டிய பங்குத்தொகை என்று லட்சக்கணக்கில் கேட்கும் திட்டங்கள் இருக்கின்றன. இடம் பெரும்பாக்கம் மாதிரி ஊருக்கு வெளியே என்றால் பிழைப்பு போகும், கொக்கிக்கு யார் அவ்வளவு தூரம் ஜாக்கெட் கொண்டுபோவார்கள்? அப்புறம் மாடி. இதே அக்காவின் தோழி ஒருத்தி, அவளும் காலிப்பர் போடுபவள், ஒரு குடியிருப்பில் ஐந்தாவது மாடியில் இருக்கிறாள். நான் போன அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. அவள் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினாள், கீழே தள்ளுவண்டிக்காரர் அரை கிலோ தக்காளியும் ஒரு கட்டு கீரையும் வைத்தார். மூன்று நாளாகக் கீழே இறங்கவில்லை என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பழைய போர்டு வீட்டை இடித்துக் கட்டும்போது வெளியே தங்க 24,000 தருகிறார்கள். கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனால் மாதம் ஆயிரம். அதுவும் ஒதுக்கீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அவரிடம் வாடகைக்கு இருந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஆக என் தீர்ப்பு இது. தரைத்தளம், பங்குத்தொகை கையில் இருக்கிறது, வேலையும் அதே பக்கம் என்றால் போர்டு வீட்டை விடவே விடாதீர்கள், எந்த மாத உதவித்தொகையும் அதற்கு ஈடாகாது. மாடி என்றால், லிஃப்ட்டை நம்பிப் போகாதீர்கள், வாடகைக்கே இருங்கள். பராமரிப்புத் தொகைக்குத் தகுதி இருந்தால் இன்றைக்கே மனு போடுங்கள், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீதாவது மிஞ்சும்.

அக்கா போர்டு வீட்டுக்குத் தரைத்தளம் கேட்டு மனு கொடுத்திருக்கிறாள். வீடு ஒதுக்கும் குலுக்கலில் மூன்றாவது மாடி விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “விழும்போது பார்த்துக்கலாம்டா. ஓனர் கரண்டுக்கு எழுபத்திரண்டு யூனிட்னு எழுதியிருக்கார், அந்த மீட்டரை முதல்ல எட்டிப் பாரு,” என்றாள். பார்த்தேன், அறுபத்தி மூன்றுதான் ஓடியிருந்தது.