பீடியை விடச் சொல்லாத மருத்துவர்: ஒரு புகையிலை நிறுத்த ஆலோசனை மையத்தில் எங்கள் அனுபவம்

வெளியூர்ப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற என் தந்தைக்கு நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி வேண்டும். சென்ற ஆண்டு வரை நான் அவரை அழைத்துச் சென்ற மருத்துவர்களெல்லாம் எழுதும் சீட்டிலிருந்து தலை நிமிராமலே, "இதை விடாவிட்டால் இனி என்னிடம் வராதீர்கள்" என்ற பொருள்படத்தான் பேசினார்கள். அப்பா அதை அப்படியே கடைப்பிடித்தார்; பீடியை விடவில்லை, மருத்துவரிடம் போவதை விட்டுவிட்டார். அதன் பிறகுதான், தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் இயங்கும் இந்த மையத்துக்கு, மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கலாம் என்று சொல்லி அவரை அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே என்னைத் திகைக்க வைத்தது: "ஐயா, பீடியில் உங்களுக்குப் பிடித்தது என்ன?" அப்பா இரவுப் பயணங்களைப் பற்றியும், விழுப்புரம் தாண்டியதும் இமை கனக்கும் நேரத்தைப் பற்றியும், வண்டியை நிறுத்திக் குடிக்கும் தேநீரைப் பற்றியும் ஏறக்குறைய பத்து நிமிடம் பேசினார். மருத்துவர் குறுக்கிடவில்லை. பிறகு, பீடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றார். அப்பா நான்கு என்றார். "இரண்டு என்று சொல்லாமல் ஏன் நான்கு என்றீர்கள்?"

இந்தச் சிறு கேள்வியில்தான் இந்த மையத்தின் முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். ஏன் எட்டு இல்லை என்று கேட்டிருந்தால் அப்பா பீடிக்காக வாதாடியிருப்பார். ஏன் இரண்டு இல்லை என்று கேட்டதால், விடுவதற்கான காரணத்தை அவரே தேடிச் சொல்ல வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் பழனியில் படியேறித்தான் போவேன், போன முறை விஞ்சில் போனேன், அது வெட்கமாக இருந்தது என்றார். எங்கள் வீட்டில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

இலையில் சுற்றியது என்பதால் சிகரெட்டைவிடப் பீடி தீங்கு குறைந்தது என்று அப்பா நெடுநாளாக நம்பி வந்தார். மருத்துவர் அதை முதலில் கேட்டறிந்து, "இதைப் பற்றி நான் ஒன்று சொல்லலாமா?" என்று அனுமதி பெற்ற பிறகே, பீடி அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதையும், அதன் புகையில் நிக்கோட்டினும் தாரும் குறைவில்லை என்பதையும் விளக்கினார், விளக்கி முடித்து, "இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று மீண்டும் அவரிடமே பேச்சைக் கொடுத்தார்.

இது அந்த மருத்துவரின் நல்ல குணம் மட்டுமன்று. குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பேசுவதற்கென்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரித்துரைத்த நேர்காணல் முறை இது. கற்றுக்கொள்ளக்கூடிய முறை என்பதால்தான் மற்ற இடங்களின் மீது எனக்குக் கூடுதல் வருத்தம். 2016–17இல் நடந்த தேசிய அளவிலான புகையிலை ஆய்வின்படி, மருத்துவரிடம் சென்ற புகைப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் விடும்படி அறிவுரையே கிடைத்திருக்கிறது. அது எவ்விதமாகச் சொல்லப்பட்டது என்பது வேறு கேள்வி.

குறைகளும் உண்டு. பேசும் இடத்தை இரத்த அழுத்தம் பார்க்கும் வரிசையிலிருந்து பிரிப்பது ஒரு துணித்திரைதான். பழனிக் கதையை வரிசையில் நின்ற அனைவரும் கேட்டார்கள். நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தவர்கள் அதை மெல்லும் விதத்தைச் சொல்லவில்லை. அப்பா அதைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மென்று, தொண்டை எரிந்து, விக்கல் எடுத்துத் துப்பிவிட்டார். மெதுவாகச் சிலமுறை மென்று, சுருக்கென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கி, உணர்வு மங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும், அரை மணி நேரம் இப்படியே தொடர வேண்டும், அதற்குக் கால் மணி முன்பிருந்தே தேநீர் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் இரண்டாவது வருகையில்தான் தெரிந்தது. தேநீரும் பீடியும் ஒன்றாகவே பழகிய மனிதருக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

தொலைபேசி விசாரிப்பும் தாமதம். விட்ட முதல் வாரத்தில்தான் தவிப்பு அதிகம். இவர்கள் மூன்றாம் வாரத்தில் அழைத்தார்கள். அந்த இடைவெளியில், பீடிக் கட்டின் மீதே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைத்தான் நாங்கள் நாடினோம்.

ஐந்தாம் மாதம் நடக்கிறது. இடையில் உறவினர் ஒருவரின் இறப்பு வீட்டில் அப்பா நான்கு பீடி பிடித்துவிட்டார். அடுத்த முறை சென்றபோது அதை மறைக்காமல் அவராகவே சொன்னார். மருத்துவர், ஐந்தாவதை எப்படிப் பிடிக்காமல் இருந்தீர்கள் என்று கேட்டார். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். போக விரும்புவோர் காலை எட்டு மணிக்குள் புறநோயாளர் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. பதினோரு மணிக்கு மேல் வரிசை நீண்டுவிட்டால், பேச்சுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.